கட்டுப்பாட்டை மீறும் பாலியல் நடத்தை: எந்த வரையறையை வைத்து முடிவெடுப்பது?

தன் பாலியல் நடத்தை தன் கையை மீறிப் போய்விட்டது என்று ஒருவர் வந்து சொன்னால், கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவது? மனநலத் துறைக்குள்ளேயே இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரு சாரார் குடி, கஞ்சா போல இதுவும் ஓர் அடிமைத்தனம் என்கிறார்கள். இன்னொரு சாரார் உந்துதலை அடக்க முடியாத கோளாறு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி எண் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடமே இல்லை. இதை நோய் என்று அழைக்கவே கூடாது என்று வாதாடும் பாலியல் ஆலோசகர்களும் உண்டு.

படித்தவர்கள் போட்டுக்கொள்ளும் பெயர்ச்சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எழுதுகிற பெயரைப் பொறுத்து மாத்திரை மாறும், பேச்சு சிகிச்சையின் இலக்கு மாறும், வீட்டில் மனைவியிடமோ அப்பாவிடமோ போய்ச் சேரும் செய்தி மாறும். இருபத்துச் சொச்சம் வயதில் "நீ ஒரு அடிக்ட்" என்று கேட்டுவிட்டுப் போகிறவர் அந்தச் சொல்லைப் பல வருடம் சுமப்பார். அதனால் ஆலோசனைத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களும், தனக்கோ தன் வீட்டில் ஒருவருக்கோ இந்தச் சிக்கல் இருக்குமோ என்று தேடிக்கொண்டிருப்பவர்களும் இந்த வரையறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய 11-ஆம் பதிப்பான ஐசிடி-11 தரும் வரையறையைத்தான். அதிலிருக்கும் ஒரே ஒரு வாக்கியத்துக்காகவே அதை எடுக்கலாம்.

ஒப்பிடுவதற்கு இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் உண்மை மனிதர்கள் இல்லை. ஆனாலும் இந்தத் துறையில் இருப்பவர்கள் இருவரையும் எங்கோ பார்த்தது போலத்தான் உணர்வார்கள்.

முதலாமவருக்கு 23 வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறார். வாரத்தில் இரண்டு, மூன்று இரவுகள் போனில் ஆபாசப் படம் பார்த்து சுய இன்பம் செய்கிறார். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். படிப்பு கெடவில்லை, மாக் டெஸ்டில் மதிப்பெண் குறையவில்லை, கடன் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் முடிந்த கையோடு தலைக்குக் குளித்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுகிறார். இனிமேல் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அது உடைகிறது. கன்னம் ஒட்டிப்போனதும் முடி கொட்டுவதும் இதனால்தான் என்று உறுதியாக நம்புகிறார். "எனக்கு செக்ஸ் அடிக்‌ஷன் சார்" என்று சொல்லிக்கொண்டே வருகிறவர் இவர்தான்.

இரண்டாமவருக்கு 38 வயது. மருந்து கம்பெனி ஒன்றில் ஏரியா மேனேஜர், ஊர் ஊராகச் சுற்றும் வேலை. மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். மூன்று வருடமாகப் பணம் கொடுத்து உறவு வைத்துக்கொள்கிறார். இரண்டு பர்சனல் லோன், அதுபோக மனைவியின் வளையல் அடகில் இருக்கிறது. டாக்டர்களைப் பார்க்க வேண்டிய நேரத்தில் லாட்ஜில் இருந்ததால் டார்கெட் தவறி இருமுறை வார்னிங் லெட்டர் வாங்கியிருக்கிறார். ஒருமுறை பால்வினை நோய் வந்து ஊசி போட்டுக்கொண்டார். நம்பர்களை அழித்துப் பார்த்தார், சிம் மாற்றிப் பார்த்தார், ஏடிஎம் கார்டை மனைவியிடம் கொடுத்துப் பார்த்தார். "இப்பல்லாம் அதுல ஒரு சந்தோஷமும் இல்ல, ஆனா போகாம இருக்க முடியல" என்கிறார். இவர் தானாக வரவில்லை. மைத்துனர் கூட்டி வந்திருக்கிறார்.

ஒரு வரையறை நல்லதா என்பதற்கு என்னுடைய சோதனை எளிமையானது. அது இந்த இருவரையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

அடிமைத்தனம் என்று பார்த்தால்

மக்கள் மத்தியில் அதிகம் புழங்குவது இந்தப் பார்வைதான். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், குடிநோயாளிகளுக்காக ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் உருவாக்கிய 12 படி முறையைப் பாலியல் நடத்தைக்கும் பொருத்திப் பார்க்கும் குழுக்கள் தொடங்கின. 1976-இல் பாஸ்டனில் ஒன்று, 1977-இல் மினியாபோலிஸில் ஒன்று. 1983-இல் பேட்ரிக் கார்ன்ஸ் என்பவர் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ரகசியம், படிப்படியாக அதிகரிக்கும் தேவை, பிறகு வரும் வெறுமை, மறுபடியும் தேடிப் போவது என்று அவர் விவரித்த சுழற்சியில் ஏராளமானோர் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் இரண்டாமவரைப் போன்ற ஒருவருக்கு, தன்னைப் போலவே பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாய்விட்டுப் பேசும் அறை என்பது பெரிய விஷயம். கட்டணம் கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்குக் கை பரபரக்கும்போது கூப்பிட ஓர் ஆள் இருப்பார். "நான் கெட்டவன்" என்ற இடத்திலிருந்து "எனக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது, அதற்கு வழியும் இருக்கிறது" என்ற இடத்துக்கு ஒருவரை நகர்த்த முடிவது சின்ன காரியமில்லை.

சிக்கல் அளவுகோலில் தொடங்குகிறது. கார்ன்ஸ் வடிவமைத்த முதல் சோதனைத்தாளில் 25 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பதில். 13 ஆம் வந்தால் எச்சரிக்கை. உங்கள் பாலியல் நடத்தை இயல்பானதல்ல என்று நினைக்கிறீர்களா, அதைப் பற்றி எப்போதாவது உங்களுக்கு வருத்தம் வருகிறதா என்பவையும் அந்தக் கேள்விகளுக்குள் உண்டு. நம் 23 வயதுக்காரரிடம் இந்தத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் யோசிக்காமல் ஆம் போடுவார். பாலியல் என்றாலே தலைகுனியக் கற்றுக்கொடுக்கும் ஊரில், எப்போதாவது வருத்தப்பட்டாயா என்ற கேள்வி நோயைக் கண்டுபிடிக்காது, வளர்ப்பைத்தான் கண்டுபிடிக்கும்.

அடுத்தது இலக்கு. குடியில் "ஒரு சொட்டும் வேண்டாம்" என்று கோடு போடலாம். பாலியலில் அந்தக் கோட்டை எங்கே போடுவது? குழுக்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. செக்ஸஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குழு, திருமணமான கணவன் மனைவிக்கு வெளியே எந்தப் பாலியல் செயலும் கூடாது, சுய இன்பமும் கூடாது என்று வைத்திருக்கிறது. மினியாபோலிஸில் தொடங்கிய செக்ஸ் அடிக்ட்ஸ் அனானிமஸ், எதை விட வேண்டும் என்பதை உறுப்பினரே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. முதல் குழுவின் கணக்கில் நம் 23 வயதுக்காரர் ஆயுளுக்கும் நோயாளி, தன் பாலின ஈர்ப்புள்ள ஒருவருக்கோ மீட்சியே கிடையாது. இரண்டாவது குழுவில் இருவருக்கும் மூச்சுவிட இடம் உண்டு. அதனால் 12 படிக் குழு ஒன்றுக்கு ஒருவரை அனுப்புவதற்கு முன் அந்தக் குழு எதை மீட்சி என்று சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளை ஆய்வுகள் இதை நிரூபித்துவிட்டன என்று சொல்பவர்கள் வழக்கமாகக் காட்டுவது கேம்பிரிட்ஜில் வலேரி வூன் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வை. இந்தப் பிரச்சினை உள்ள 19 ஆண்களையும் இல்லாத 19 பேரையும் ஸ்கேன் செய்தார்கள். பாலியல் காட்சிகளைப் பார்த்தபோது முதல் குழுவினரிடம், போதைப் பழக்க ஆய்வுகளில் தூண்டப்படும் மூளைப் பகுதிகள் கூடுதலாகத் தூண்டப்பட்டன. அதற்கு முந்தைய வருடம் நிக்கோல் ப்ராஸ் உள்ளிட்டோர் மூளையின் மின்னலைகளை அளக்கும் இஇஜி வைத்துச் செய்த ஆய்வு வேறு பக்கம் போனது: மூளையின் எதிர்வினை பாலியல் ஆசையின் அளவோடுதான் பொருந்தியது, பிரச்சினையின் தீவிரத்தோடு பொருந்தவில்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள். மேடையில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி "மூளையே சொல்லிவிட்டது" என்று பேசுவது நேர்மையில்லை. அமெரிக்காவின் பாலியல் கல்வியாளர்கள், ஆலோசகர்கள், சிகிச்சையாளர்கள் சங்கம் 2016-இல் தன் நிலைப்பாட்டை அறிவித்தது: செக்ஸ் அடிக்‌ஷன், போர்ன் அடிக்‌ஷன் ஆகியவற்றை மனநலக் கோளாறாக வகைப்படுத்தப் போதுமான ஆதாரத்தைத் தாங்கள் காணவில்லை என்று.

அமெரிக்கக் கையேடு விட்ட இடம்

டிஎஸ்எம் என்று அழைக்கப்படும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1987 பதிப்பில் ஓர் ஓரத்தில் பாலியல் அடிமைத்தனம் என்ற சொல் வந்தது. 1994-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2010-இல் மார்ட்டின் காஃப்கா என்ற மனநல மருத்துவர், ஹைபர்செக்சுவல் டிஸார்டர் (மிகைப் பாலியல் கோளாறு) என்ற பெயரில் முறையான முன்மொழிவு ஒன்றை வைத்தார். குறைந்தது 6 மாதம், வயது 18-க்கு மேல், ஐந்து அடையாளங்களில் பெரும்பாலானவை இருக்க வேண்டும். ரோரி ரீட் தலைமையில் 207 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்ததில், வெவ்வேறு மருத்துவர்கள் ஒரே ஆளைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். வரையறை நம்பகமானதாகத்தான் இருந்தது. ஆனாலும் 2012 டிசம்பரில் சங்கத்தின் நிர்வாகக் குழு அதை ஏற்கவில்லை. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 அதைச் சேர்க்கவில்லை, 2022 திருத்தப் பதிப்பும் சேர்க்கவில்லை. ஆதாரம் போதாது, இயல்பான ஆசையை நோயாக்கிவிடும், குற்றவாளிகளின் வழக்கறிஞர்கள் கோர்ட்டில் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பவை அப்போது எழுந்த ஆட்சேபங்கள்.

முன்மொழிவு விழுந்துவிட்டாலும் அதிலிருந்து ஒன்றை நான் விட மாட்டேன். காஃப்காவின் ஐந்து அடையாளங்களில் இரண்டு மனநிலையைப் பற்றியவை: மனச்சோர்வு, பதற்றம், சலிப்பு, எரிச்சல் வரும்போது இதைத் தேடிப் போகிறாரா? வாழ்க்கையில் அடி விழும்போது தேடிப் போகிறாரா? சிகிச்சை செய்கிறவருக்கு இந்தக் கேள்விகள் தங்கம். நம் ஏரியா மேனேஜரிடம் கேட்டால், மாதக் கடைசியில் டார்கெட் ரிவ்யூ மீட்டிங் முடிந்த அன்றைக்குத்தான் பெரும்பாலும் லாட்ஜ் என்பது தெரியவரும். பேச வேண்டிய இடம் அங்கே இருக்கிறது.

எண்ணிக்கையை வைத்து அளப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. வாரத்துக்கு 7 முறை உச்சம், 6 மாதத்துக்கு மேல் என்று காஃப்கா ஒரு காலத்தில் ஒரு வரம்பைச் சொல்லியிருந்தார். புதிதாகக் கல்யாணமான தம்பதிகளில் பலர் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். நம் ஏரியா மேனேஜரோ மாதத்துக்கு நான்கைந்து முறைதான் போகிறார். அவர் குடும்பம் கவிழ்ந்துகொண்டிருக்கிறது.

ஐசிடி-11 சொல்வது

இதற்கு முந்தைய ஐசிடி-10-இல் எஃப் 52.7 என்ற எண்ணில் "மிகையான பாலியல் உந்துதல்" என்று இருந்தது. அதற்குள் நிம்ஃபோமேனியா, சட்டிரியாசிஸ் என்று 19-ஆம் நூற்றாண்டு வாடை வீசும் பெயர்கள். எவ்வளவு இருந்தால் மிகை என்று அதில் விளக்கம் எதுவும் கிடையாது. 2019 மே மாதம் உலக சுகாதார மாமன்றம் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 அதை நீக்கிவிட்டு, 6சி72 என்ற எண்ணில் கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறைக் கொண்டுவந்தது. வைத்திருக்கும் இடம் உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகள் என்ற பிரிவு. அக்கம்பக்கத்தில் தீ வைக்கும் உந்துதலும் திருடும் உந்துதலும் இருக்கின்றன.

அது கேட்பது என்ன? தீவிரமான, திரும்பத் திரும்ப வரும் பாலியல் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது நெடுநாள் தொடர வேண்டும், ஏறத்தாழ 6 மாதமோ அதற்கு மேலோ. உடல்நலம், குடும்பம், வேலை ஆகியவற்றைக் கைவிடும் அளவுக்கு அது வாழ்க்கையின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கலாம். விட முயன்று பலமுறை தோற்றிருக்கலாம். பாதகம் கண்ணெதிரே தெரிந்தும், அல்லது துளி திருப்தியும் கிடைக்காமலும், தொடர்ந்துகொண்டே இருக்கலாம். இதனால் கடும் துயரமோ வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க பாதிப்போ இருந்தாக வேண்டும்.

நான் சொன்ன அந்த வாக்கியம் இதற்கு அடுத்து வருகிறது. துயரம் முழுக்க முழுக்கத் தன் பாலியல் உந்துதலையும் நடத்தையையும் பற்றிய ஒழுக்கத் தீர்ப்பிலிருந்து மட்டுமே வருகிறது என்றால், இந்தக் கோளாறு என்று எழுத அது போதாது.

நம் இருவரையும் இதில் நிறுத்திப் பாருங்கள். 38 வயதுக்காரர் ஒவ்வொரு வரியிலும் பொருந்துகிறார். 23 வயதுக்காரர் அந்த ஒரு வாக்கியத்தில் வெளியே வந்துவிடுகிறார். மருத்துவர்களுக்கான விரிவான விளக்கத்தில் இன்னும் இரண்டு பாதுகாப்புகள் இருக்கின்றன. ஆசை அதிகமாக இருந்தும் கட்டுப்பாடு குலையாதவர்களுக்கும், அதனால் துயரமோ பாதிப்போ இல்லாதவர்களுக்கும் இந்த நோயறிதலைக் கொடுக்கக் கூடாது. பதின்வயதில் இயல்பாக இருக்கும் அதிகப் பாலியல் ஆர்வத்துக்கும் சுய இன்பத்துக்கும், அதனால் அந்தப் பிள்ளை வருத்தப்பட்டாலும்கூட, கொடுக்கக் கூடாது. பள்ளி ஆலோசகராக இருப்பவர்கள் இந்தக் கடைசி வரியை மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாக்கியத்துக்கு நம் ஊரில் ஏன் இவ்வளவு எடை? பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் தொடங்கி நள்ளிரவு டிவி வரை "இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா?" என்ற விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்று போஸ்டர் ஒட்டியிருக்கும். பாலியல் திறனை வளர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டமே தடை செய்திருக்கிறது. போஸ்டர் இன்னும் நிற்கவில்லை. விந்து போனால் உயிர்ச்சத்தே போய்விடும் என்ற பயம் உடல்வலியாகவும் சோர்வாகவும் வெளிப்படுவதை மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் தாத் சிண்ட்ரோம் என்று பெயரிட்டு எழுதினார். நம் 23 வயதுக்காரர் அந்தப் பயத்தின் வாரிசு. அவருக்கு வேண்டியது பாலியல் கல்வி, பதற்றம் இருந்தால் அதற்கான சிகிச்சை, தன் நம்பிக்கைக்கும் தன் உடலுக்கும் நடுவே ஒரு சமாதானம். அவரிடம் போய் அடிக்‌ஷன் என்று சொல்வது போஸ்டர்காரர் போட்ட விதைக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஒழுக்க முரண்பாட்டைப் பற்றி ஜோஷுவா கிரப்ஸ் அமெரிக்காவில் செய்த ஆய்வுகளும் இதையேதான் காட்டின: ஆபாசப் படம் பார்ப்பது பாவம் என்று கருதுகிறவர்கள், குறைவாகவே பார்த்தாலும்கூட, தங்களை அடிமை என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல்.

தன் பாலின ஈர்ப்புள்ளவர்களையும் இதே வாக்கியம் காக்கிறது. மகனின் போனில் எதையோ பார்த்துவிட்டு, "இவனுக்கு அடிக்‌ஷன், சரி செய்யுங்கள்" என்று அழைத்து வரும் பெற்றோர் கேட்பது உண்மையில் ஈர்ப்பை மாற்றும் சிகிச்சையை. அத்தகைய முயற்சிகளைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டிருக்கிறது.

சட்டமும் இங்கே துணைக்கு வருகிறது. 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, மனநோயைத் தீர்மானிக்க ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களைச் சொல்லும்போது ஐசிடியின் அண்மைப் பதிப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தான் வாழும் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத மதிப்பீடுகளுக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஐசிடி-11-இன் அந்த வாக்கியமும் நம் சட்டத்தின் இந்த வரியும் ஒரே திசையில் நிற்கின்றன.

குறையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சூதாட்டத்தையும் வீடியோ கேமையும் அதே ஐசிடி-11 அடிமையாக்கும் நடத்தைகள் பிரிவில் வைத்திருக்கிறது. கேம் அங்கே போகலாம் என்றால் இது ஏன் போகக் கூடாது என்ற கேள்வி நியாயமானது. ஷேன் க்ராஸ் முதலானோர் 2018-இல் எழுதிய விளக்கம், இது உருவாகும் விதமும் தொடரும் விதமும் போதைப் பழக்கத்தோடு ஒன்றுதானா என்பதற்கு உறுதியான விடை இன்னும் வரவில்லை என்பதால் நிதானமான இடத்தில் வைத்திருக்கிறோம் என்றது. எனக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது. நாளைக்கு ஆதாரம் வந்து பிரிவு மாறினாலும், ஒழுக்கத் தீர்ப்பு பற்றிய வாக்கியத்தை யாரும் எடுத்துவிடக் கூடாது.

இந்த வரையறையை ஒட்டி பெயட்டா போத்தே குழு 2020-இல் வெளியிட்ட அளவுகோலில் 19 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 50-ஐத் தொட்டால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், நோய் உறுதி என்று அர்த்தமில்லை. 42 நாடுகளில் 82,243 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில் சுமார் 5 சதவீதம் பேர் அந்த எல்லைக்கு மேல் இருந்தார்கள். ஜன்னா டிக்கன்சன் முதலானோர் வேறோர் அளவுகோலை வைத்து அமெரிக்காவில் 2,325 பேரிடம் எடுத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 8.6 சதவீதம், ஆண்கள் 10.3, பெண்கள் 7.0. இது ஆண்களின் பிரச்சினை மட்டும்தான் என்ற நினைப்பை அந்த இரண்டு எண்களும் உடைக்கின்றன. பெண்கள் நம் அறைகளுக்கு வராததற்கு, வந்தால் நடத்தை கெட்டவள் என்ற பெயர்தான் கிடைக்கும் என்ற பயம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் விஷயத்தில் அந்த ஒழுக்க வாக்கியம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

வேறு நோயின் அறிகுறியாக இருந்தால்

மேலே சொன்ன எந்தப் பெயரை எழுதுவதற்கு முன்னும் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். இதில் சோம்பல்பட்டால் நேரடியாகத் தீங்கு செய்துவிடுவோம்.

இது எப்போது தொடங்கியது? ஒரு மாதத்துக்கு முன்புதான், அதோடு தூக்கம் குறைந்திருக்கிறது, பேச்சு அதிகமாகியிருக்கிறது, கையில் காசு நிற்கவில்லை என்றால் பைபோலார் நோயின் மேனியாவாக, அதாவது மனநிலை எல்லை மீறி உயரும் கட்டமாக இருக்கலாம். வயதானவருக்குப் புதிதாக வந்திருந்தால் அவர் சாப்பிடும் மாத்திரைகளை எடுத்துப் பாருங்கள். பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் ப்ராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் இதைத் தூண்டக்கூடியவை. 3,090 பார்கின்சன் நோயாளிகளிடம் செய்து 2010-இல் வெளியான ஆய்வில் 3.5 சதவீதம் பேருக்குக் கட்டாயப் பாலியல் நடத்தை இருந்தது. மனநோய்களுக்குக் கொடுக்கும் அரிப்பிப்ரசோல் மாத்திரையைப் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் இதே மாதிரி எச்சரித்தது. ஐம்பது வருடம் கண்ணியமாக வாழ்ந்த தாத்தாவை வீடே காறித் துப்பிக்கொண்டிருக்கும்போது, காரணம் மாத்திரை டப்பாவில் இருந்திருக்கும். அதற்காக அந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார்.

கண்ணில் படாமல் அதிகம் தவறிப்போவது, வேண்டாத எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து வதைக்கும் ஓசிடி நோய். குழந்தையைப் பற்றியோ சொந்த அம்மாவைப் பற்றியோ அருவருப்பான பாலியல் எண்ணம் தானாக வந்து முட்டுகிறது என்று ஒருவர் நடுங்கிக்கொண்டே சொல்வார். தன்னைக் காமவெறியன் என்றே அழைத்துக்கொள்வார். ஆனால் அவர் எதையும் செய்யவில்லை. பயந்துபோய் குழந்தைகள் பக்கமே போகாமல் இருக்கிறார். உந்துதல் கோளாறில் அந்தச் செயல் தொடக்கத்திலாவது இன்பம் தரும். ஓசிடியில் இன்பத்தின் சாயலே இருக்காது. அவருக்கு எண்ணத்தை எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சையும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரையும் வேண்டும். செக்ஸ் அடிக்ட் என்று பெயர் வைத்து, எண்ணத்தை அடக்கு என்று சொல்லி அனுப்பினால் நோய் இரட்டிப்பாகும்.

குற்றம் என்பது தனிக் கணக்கு. குழந்தைகளின் பாலியல் துன்புறுத்தல் காட்சிகளை போனில் வைத்திருந்த சென்னை இளைஞர் ஒருவர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் ரத்து செய்த உயர் நீதிமன்றம், இளைய தலைமுறை ஆபாசப் படங்களுக்கு அடிமையாகிறது, தண்டிப்பதை விட வழிகாட்ட வேண்டும் என்ற ரீதியில் எழுதியது. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. அடிமைத்தனம் என்ற சொல் எவ்வளவு எளிதாகப் பாதிக்கப்பட்ட குழந்தையைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதற்கு இந்த வழக்கு சான்று. குழந்தைகள் மீதான ஈர்ப்பு, சம்மதமில்லாதவர்களிடம் அத்துமீறுவது போன்றவற்றை ஐசிடி-11 வேறு பிரிவில் வைத்திருக்கிறது. 6சி72 என்ற எண் யாருக்கும் மன்னிப்புக் கடிதம் ஆகாது. மனைவிக்குத் தெரியாமல் ஏமாற்றிவிட்டு மாட்டிக்கொண்ட பிறகு "எனக்கு நோய்" என்று வருகிறவர்களிடமும், விட முயன்று தோற்ற வரலாறு உண்டா என்று கேட்டால் விஷயம் தெளிவாகிவிடும்.

சிகிச்சையில் என்ன வித்தியாசம்

பெயரில் இவ்வளவு சண்டை இருந்தாலும், பலன் காட்டிய சிகிச்சைகள் ஒன்றுக்கொன்று பகையில்லை. ஸ்வீடனில் ஹால்பெர்க் குழு 137 ஆண்களிடம் குழுவாக நடத்திய சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, அறிகுறிகளைக் குறைத்தது. அவர்கள் பயன்படுத்தியது ஹைபர்செக்சுவல் டிஸார்டர் வரையறையை. போலந்தில் 73 ஆண்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் பராக்ஸெட்டினையும் நால்ட்ரெக்ஸோனையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். ஒன்று மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் கொடுப்பது, மற்றது குடியை நிறுத்தக் கொடுப்பது. இரண்டுமே ஓரளவு உதவின. பெரிய ஆய்வுகள் இல்லை என்பதால் மருந்தை முதல் வழியாக எடுக்க நான் தயங்குவேன். மனநல மருத்துவர் பார்த்து, கூடவே மனச்சோர்வு இருந்தால், அப்போது அதற்கு இடம் உண்டு.

நம் ஏரியா மேனேஜருக்கு 6சி72 என்று எழுதுவேன். பழைய எண்களே புழங்கும் மருத்துவமனையாக இருந்தால் எஃப் 52.7 என்று எழுதி, பக்கத்தில் ஐசிடி-11-இன் விவரத்தைத் தமிழிலேயே குறித்து வைப்பேன். டார்கெட் மீட்டிங் நாளைக் குறிவைத்து சிபிடி, எச்ஐவியும் மற்ற பால்வினை நோய்களும் உண்டா என்று பரிசோதனை, கடனுக்கு மைத்துனரோடு உட்கார்ந்து ஒரு கணக்கு. மனைவியின் உடல்நலமும் இதில் சம்பந்தப்பட்டிருப்பதால் அவரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மூன்றாம் சந்திப்புக்கு மேல் தள்ளிப்போட விடமாட்டேன். 12 படிக் குழு ஒன்று கிடைத்து அவருக்கும் விருப்பம் இருந்தால் போகட்டும். அங்கே தன்னை அடிக்ட் என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் அதைத் திருத்தப் போவதில்லை.

23 வயதுக்காரரின் கேஸ் ஷீட்டில் நோயறிதல் கட்டத்தைக் காலியாக விடுவேன், அல்லது பதற்றமோ மனச்சோர்வோ தெளிவாக இருந்தால் அதை மட்டும் எழுதுவேன். முடி கொட்டுவதற்குத் தோல் டாக்டரிடம் அனுப்பலாம். முதல் சந்திப்பிலேயே இருவருக்கும் பெயர் வைத்தாக வேண்டும் என்று யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. இரண்டு மூன்று முறை பேசிய பிறகு எழுதினாலும் சிகிச்சை தாமதமாகாது. நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல விருப்பமில்லை என்று முதலிலேயே தெரிவித்துவிட்டு.